கவசமா, கட்டிய வயிறா, மடக்கிய முழங்கையா?

பையன் கராத்தேயில் ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு பயிற்சிச் சண்டை, போடத் தொடங்கியதும் வீட்டில் ஒரு விவாதம் வரும். செஸ்ட் கார்டு என்ற மார்புக் கவசம் வாங்கித் தரலாமா, இல்லை அடி வாங்கி வாங்கி உடம்பு தானாகப் பழகிவிடுமா? முழங்கையை இந்த விவாதத்தில் யாரும் சேர்ப்பதே இல்லை. மூன்றையும் மாறி மாறி நம்பி, மூன்றிலும் அடி வாங்கியவன் நான்.

குத்து எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். நெஞ்சுக்குழியில் விழுந்தால் மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் பிடித்துக்கொள்ளும், மூச்சு உள்ளே போகாது. செத்துவிடுவோம் என்று தோன்றும்; கொஞ்ச நேரத்தில் தானாக விட்டுவிடும். விலாவில் பட்டதன் அருமை மறுநாள் தும்மும்போது தெரியும். கல்லீரல் அடி தனி ரகம். வலது பக்கம், கீழ் விலாவை ஒட்டி விழும் குத்து. பட்ட உடனே ஒன்றும் இருக்காது. 'பரவாயில்லையே' என்று நினைக்கும் அந்த ஒரு நொடிக்குப் பிறகு கால் இரண்டும் கழன்றுபோகும். 2004இல் ஒரு குத்துச்சண்டையில் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் ஒன்பதாவது ரவுண்டில் போட்ட அப்படி ஒரு குத்தில்தான் ஆஸ்கர் டி லா ஹோயா தரையைக் கையால் அறைந்துகொண்டு கிடந்தார். வயிற்றுப் பயிற்சியில் குறை வைத்தவர் இல்லை அவர்.

முதலில் கவசம். உள்ளே இருக்கும் ஃபோம், குத்தின் வேகத்தைப் பரந்த இடத்துக்குப் பிரித்துவிடும், கொஞ்சம் தாமதப்படுத்தவும் செய்யும். அதனால் சுள்ளென்ற வலி போய்விடும். ஆளைத் தள்ளும் விசை மட்டும் உள்ளே வரும். கொரியச் சண்டைக் கலையான டேக்வாண்டோவின் கவசம், ஹோகு, உடம்பைச் சுற்றி வரும் தடித்த ரகம். லண்டன் 2012 ஒலிம்பிக்கில் அதற்குள் சென்சாரே வைத்துப் புள்ளி கணக்கிட்டார்கள். விளையாட்டுக் கராத்தேக்காரர்கள் சட்டைக்குள் போடுவது மெல்லியது. கட்டுப்படுத்திப் போடும் குத்துக்குத்தான் அது தாங்கும், முழு பலத்துக்கு இல்லை. ஜப்பானின் நிப்போன் கெம்போ என்ற சண்டைக் கலையில், மூங்கில் வாள் வீசும் கெண்டோ வீரர்களைப் போல விறைப்பான மார்புக் கவசம் கட்டிக்கொண்டு முழு பலத்தோடு குத்திக்கொள்வார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது: கவசத்தால் அதிக லாபம் குத்துகிறவனுக்குத்தான். தயங்காமல் குத்திப் பழகலாம்.

வாங்குகிறவனுக்கு என்ன ஆகும்? என் கதையைச் சொல்கிறேன். ஆறேழு மாதம் கவசத்தோடு மட்டுமே ஸ்பாரிங் போட்டேன். கிளாஸுக்குப் பொதுவாக ஒன்றுதான், மழைக்காலத்தில் காயவே காயாது, முதுகுப் பட்டையை ஒட்ட இன்னொருத்தர் வேண்டும். ஒருநாள் அதை வேறு பையன் போட்டிருந்தான். நான் அப்படியே இறங்கினேன். இரண்டாவது குத்திலேயே சுருண்டு உட்கார்ந்தேன். மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "கை எங்கடா தம்பி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். என் முழங்கை இறக்கை மாதிரி வெளியே விரிந்திருந்ததை அதுவரை நான் கவனித்ததே இல்லை. கவனிக்க வேண்டிய வலியைக் கவசம் மறைத்துவிட்டிருந்தது.

அப்புறம் எதிர்த்திசைக்குப் போனேன்: உடம்பைக் கட்டுவது. முழு பலத்தோடு மோதும் கியோகுஷின் என்ற கராத்தே வகைக்காரர்களுக்கு இது வேதம். கிளவுஸும் இல்லை, கவசமும் இல்லை. முகத்தில் கையால் குத்தக் கூடாது, உடம்பில் எவ்வளவு வேண்டுமானாலும். 1969இல் அவர்கள் நடத்திய முதல் அகில ஜப்பான் போட்டியிலிருந்தே இப்படித்தான். எதிரெதிரே நின்று முறை வைத்து வயிற்றில் குத்திக்கொள்வது, மெடிசின் பால் என்ற கனமான பந்தை வயிற்றில் போடச் சொல்வது, உடம்பை இறுக்கிச் செய்யும் சான்ச்சின் என்ற கட்டா (வரிசையான அசைவுப் பயிற்சி) செய்யும்போது மாஸ்டர் தோளிலும் தொடையிலும் அறைந்து பார்ப்பது என்று பயிற்சி போகும்.

இதில் சதை கெட்டியாவதைவிடப் பெரிய லாபம், குத்து படும் நொடியில் 'ஹக்' என்று மூச்சை விட்டு வயிற்றை இறுக்கும் பழக்கம். குத்து வரும்போது கண்ணை மூடாமல் இருக்கவும் வந்துவிடும். ஆனால் இறுக்க நேரம் கிடைக்க வேண்டுமே! மாயாஜாலக்காரர் ஹூடினியின் வயிற்றில் 1926இல் மான்ட்ரியாலில் ஒரு மாணவர் குத்தியபோது, அவர் சாய்ந்து படுத்திருந்தார், தயாராகவே இல்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். சில நாளில் குடல்வால் வெடித்த சீழால் இறந்துபோனார். குத்துதான் காரணமா என்பதில் மருத்துவர்கள் ஒத்துப்போவதில்லை. தயாராகாத வயிறு வெறும் வயிறுதான் என்பதற்காகச் சொல்கிறேன். விலாவுக்கு மேல் வளர்க்கப் பெரிதாகச் சதையும் கிடையாது.

முழங்கைக்கு வருவோம். குத்துச்சண்டைக்காரர்கள் இடுப்புக்கு மேலே உடம்பில் ஒன்றும் கட்டாமல் காலம் தள்ளுவது இதை நம்பித்தான். முழங்கை விலாவோடு ஒட்டி இருக்கும். குத்து வந்தால் கையைக் கீழே இறக்குவதில்லை. இடுப்பை மடக்கி, உடம்பையே முழங்கைக்குக் கொண்டுவருவார்கள். கையை இறக்கினால் தாடை திறந்துவிடும், அடுத்த குத்து அங்கேதான். சரியாக வந்துவிட்டால் வலி எதிராளிக்கு: முழங்கை எலும்பில் மோதிய முஷ்டி அடுத்த தடவை யோசிக்கும். காசு செலவில்லை. ஆனால் மாதக்கணக்கில் மெதுவான ஸ்பாரிங் வேண்டும், கிளாஸ்களில் அதற்குத்தான் பொறுமை இருப்பதில்லை.

என் வரிசை: முழங்கை, மூச்சு, அப்புறம் கவசம். சிறுவர்களுக்கு மட்டும் வரிசை மாறும். கவசம் கட்டாயம், வயிற்றில் குத்திப் பழக்கும் வேலையே வேண்டாம். நெஞ்சின் நடுவில் படும் அடி, துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் விழுந்தால் இதயம் தாளம் தப்பக்கூடும். மிக அரிது, ஆனால் நெஞ்சுக்கூடு இன்னும் இறுகாத வயதில்தான் அதிகம். சாதாரணக் கவசம் அதை முழுசாகத் தடுக்கும் என்றும் நம்ப வேண்டாம். பெரியவர்கள் வாரத்தில் ஒருநாள் கவசத்தோடு பலமாக, மற்ற நாள் கவசமில்லாமல் மெதுவாகப் போடலாம்.

கடையில் செஸ்ட் கார்டைப் போட்டுப் பார்க்கும்போது கையை மடக்கி, முழங்கை விலாப் பக்கம் அடங்கி உட்காருகிறதா என்று பாருங்கள். வெளியே தள்ளினால் மெல்லியதாக வேறு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள்.