ஓஆர்எஸ் பாக்கெட்: வெளிநாட்டுச் சாப்பாட்டைக் கண்டு பயப்படுகிறவர் கையில் இருக்க வேண்டியது

பாங்காக்குக்கோ பாலிக்கோ டிக்கெட் போட்ட நாளிலேயே சிலரைப் பயம் பிடித்துக்கொள்கிறது: அங்கே எதையாவது சாப்பிட்டு வயிறு கெட்டுவிட்டால் என்ன செய்வது? பெட்டியில் பாதி இடத்தைப் புளிக்காய்ச்சலும் ரெடிமேட் உப்புமாவும் அடைத்துக்கொள்ளும். போன இடத்தில் பிஸ்கட்டும் வாழைப்பழமுமாக நாள் ஓடும். பயப்படுவதில் தப்பே இல்லை, வயிறு கெடத்தான் செய்கிறது. ஆனால் பயணத்தில் வரும் பேதி பெரும்பாலும் சில நாளில் தானே அடங்கிவிடும். அதற்குள் ஆளைச் சாய்ப்பது உடம்பிலிருந்து போகும் நீரும் உப்பும். அதை ஈடுகட்டும் ஓஆர்எஸ், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு சர்க்கரைத் தூள், மருந்துக்கடையில் முப்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது.

வாங்கும்போது பிராண்டைவிட உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்குப்படி ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கூட்டினால் 20.5 கிராம். வாசனை சேர்த்த பாக்கெட் ஒரு கிராம் கூட இருக்கும், பரவாயில்லை. இதில் சர்க்கரை ருசிக்காகச் சேர்த்ததல்ல. குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே நுழைகின்றன, அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது. பேதி கடுமையாக இருக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971இல் வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹாலனபிஸ் இந்த அறிவை நம்பித்தான் உப்பு சர்க்கரைக் கரைசலை டிரம் டிரம்மாகக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இந்தப் பொருளின் பெரிய குறை அதன் அளவு. பெரிய பாக்கெட் சரியாக ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. தாய்லாந்துக் கடைகளில் கைக்குக் கிடைப்பதோ 600 மி.லி. அல்லது ஒன்றரை லிட்டர் பாட்டில். 600 மி.லி.யில் முழுப் பாக்கெட்டையும் கொட்டினால் கரைசல் ஒன்றரை மடங்குக்கு மேல் கெட்டியாகிவிடும். கெட்டிக் கரைசல் உடம்பிலிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். குழந்தைக்கு ரத்தத்தில் சோடியம் ஏறுவது ஆபத்து. பாதிப் பாக்கெட் போடலாம் என்றால் அதுவும் சரியில்லை. உப்பும் குளுக்கோஸும் உறைக்குள் சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஊரிலிருந்தே ஒரு லிட்டர் கோடு போட்ட காலி பாட்டில் எடுத்துப்போங்கள், அல்லது 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட்டுகளை வாங்குங்கள். ஒரு டம்ளர் மட்டும் வேண்டும்போது சின்னதுதான் கை கொடுக்கும். எங்கள் ஓட்டு அதற்கே.

தண்ணீர் சீல் உடையாத பாட்டிலாக இருக்கட்டும். கேஸ் அடைத்த தண்ணீர் கூடாது. அறையில் கெட்டில் இருந்தால் குழாய்த் தண்ணீரை ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கரைக்கலாம். கரைத்தபின் கொதிக்கவைக்கக் கூடாது. ஜூஸ், சோடா, கூடுதல் சர்க்கரை எதுவும் சேர்க்காதீர்கள். 24 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை பேதியான பின்பும் பெரியவர்கள் 200 முதல் 400 மி.லி., 2 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 100 முதல் 200, இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மி.லி. குடிக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மெதுவாகத் தொடங்குங்கள். பலர் இரண்டு டம்ளரோடு "இது கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். பேதியை நிறுத்துவது இதன் வேலையே இல்லை. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். வாசனை சேர்க்காத பாக்கெட் கண்ணீர் மாதிரி கரிக்கும். ஆரஞ்சு வாசனை போட்டது பிள்ளைகள் வாயில் எளிதாக இறங்கும்.

பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. கிருமி உள்ளே போய்ப் பெருகி வேலையைக் காட்டப் பெரும்பாலும் 6 முதல் 72 மணி நேரம் ஆகும். வெளியில் நெடுநேரம் கிடந்த உணவில் முன்பே ஊறிய நச்சு என்றால் சில மணி நேரத்தில் வாந்தி வரும். கை கழுவிய ஐந்தாவது நிமிடம் வயிற்றைப் பிசைகிறது என்றால் அது பெரும்பாலும் பயத்தின் பிசைவு. அப்போது பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். காப்பாக இருக்கட்டும் என்று தினம் ஒரு லிட்டர் குடிப்பதும் வேண்டாம். இது கிருமியைக் கொல்லாது. லிட்டருக்கு 1.7 கிராம் சோடியம் இருப்பதால் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு வீண் சுமை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பேதியின்போது இதைக் குடிக்கலாம், ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டு வீரர்களுக்கான பானங்களில் சர்க்கரை அதிகம், சோடியம் குறைவு. தாய்லாந்தில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் போதாது. குடிக்கலாம், ஓஆர்எஸ்ஸுக்குப் பதிலாக வைத்துக்கொள்ள முடியாது. பாக்கெட்டே கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கோபுரமாக அள்ளினால் கணக்கு கெட்டுவிடும். உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சியும் நல்ல துணை.

மலத்தில் ரத்தம், 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, ஒரு ஸ்பூன்கூட உள்ளே நிற்காத வாந்தி, மூன்று நாளாகியும் நிற்காத பேதி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அறையில் உட்கார்ந்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் லோபெராமைடு மாத்திரையைத் தாமாகப் போடக் கூடாது.

ஒரு ஆளுக்குப் பத்து சின்னப் பாக்கெட், அல்லது நான்கு பெரியது போதும். அச்சிட்ட உறையோடு கைப்பையில் வையுங்கள். டப்பாவில் கொட்டி எடுத்துப்போனால் பெயரில்லாத வெள்ளைத் தூளுக்கு விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல வேண்டிவரும், கரைக்கும் அளவும் கையில் இருக்காது.