ஒளிரும் காந்தத் துகள் கலவை: பார்க்க வேண்டியது பின்னணியை

காந்தத் துகள் சோதனைக்காக (எஃகுப் பாகத்தில் மின்னோட்டத்தால் காந்தமேற்றி, விரிசலில் துகள்கள் திரள்வதைப் பார்க்கும் முறை) எண்ணெயில் முன்கூட்டியே கலந்து டின்னில் வரும் ஃப்ளோரசன்ட் (புற ஊதா ஒளியில் ஒளிரும்) கலவை ஒன்றை எங்கள் சோதனை மேசையில் பயன்படுத்தி வருகிறோம். விரிசல் எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதை வைத்தே இத்தகைய கலவைகளை எடைபோடுவது வழக்கம். என்னைக் கேட்டால், விரிசல் இல்லாத இடம் எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்த வகையில் இது நிறைவளிக்கிறது. கிரைண்டிங் செய்த தண்டுகளில் கலவை வழிந்தோடிய பின் பச்சைப் படலம் தங்குவதில்லை. 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் நுண்ணிய விரிசல்கூட மெல்லிய கோடாகத் தனித்து நிற்கிறது. துடைக்கும் துணியின் நூலிழை பெரும்பாலும் நீலம் கலந்த வெண்மையாகவும் துகள் மஞ்சள் கலந்த பச்சையாகவும் ஒளிர்வதால், அவ்வகைப் போலிக் குறியை (விரிசல் இல்லாமலே விரிசல்போலத் தெரிவதை) உடனே ஒதுக்கிவிட முடிகிறது. ஆனால் ஸ்கேல் (சூட்டில் உருவாகும் ஆக்சைடு படலம்) ஒட்டிய ஃபோர்ஜிங்கிலும் (சூடாக்கி அடித்து உருவாக்கிய பாகம்) சொரசொரப்பான வார்ப்பிலும் பள்ளங்களில் துகள் தேங்கி, காந்தப்புலத்துக்குத் தொடர்பே இல்லாமல் கோடாகத் தெரிகிறது. பரப்பைச் சுத்தம் செய்யாமல் அதற்குக் கலவையைக் குறை சொல்வது நியாயமன்று.

செறிவைக் கண்காணிப்பது எளிது. கலவையைச் சுழற்றும் பம்பை அரை மணி நேரம் ஓடவிட்டு, 100 மி.லி. மாதிரியைச் செறிவுக் குழாயில் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால், அடியில் படியும் துகள் 0.1 முதல் 0.4 மி.லி.க்குள் இருக்க வேண்டும். அளவு மிகுந்தால் பரப்பு முழுவதும் மினுங்கி உண்மையான குறி அதில் கரைந்துபோகும். குறைந்தால் விரிசலே தவறிவிடும். துகளின் மேல் தனி அடுக்காகப் படியும் அழுக்கையும் கவனிக்க வேண்டும். அது துகளின் கன அளவில் 30 சதவீதத்தைத் தாண்டினால் கலவையை மாற்றிவிடுவதே முறை.

போலிக் குறிகளை இக்கலவை அறவே நீக்கிவிடும் என்ற விற்பனைத் துண்டறிக்கையின் கூற்றை மட்டும் ஏற்க இயலாது. மின்னோட்டத்தைத் தேவைக்கு மேல் கூட்டினால் சாவிப்பள்ளத்தின் மூலையிலும் மரையின் அடியிலும் எந்தத் துகளும் திரளத்தான் செய்யும். காந்தமேறிய இரு பாகங்கள் உரசியதால் விழும் கோடும் அப்படித்தான். ஐயம் எழும்போது பாகத்தை டீமேக்னடைஸ் செய்து (காந்தத்தை நீக்கி), துடைத்து, சரியான மின்னோட்டத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். உரசல் கோடு மறைந்துவிடும், விரிசல் அதே இடத்தில் திரும்பத் தோன்றும்.

சோதித்த பின் எண்ணெயைக் கழுவி எடுப்பது கூடுதல் வேலைதான். தீப்பற்றும் அபாயத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். மெஷினிங் முடிந்த பாகங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சொரசொரப்பான பெரிய வார்ப்புகளுக்கு யோக் என்னும் கையடக்க மின்காந்தமும் உலர்ந்த காந்தப் பொடியுமே பொருத்தம்.