மணிக்கு ஒரே ஒரு தட்டு: பெல் காண்டோவுடன் பழகிய அனுபவம்

மணியடிக்கும் மெக்கானிக்கல் கைக்கடிகாரம் என்றால் பெட்டகத்தில் பூட்டிவைக்கும் பொருள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். வேண்டும்போது மணியையும் நிமிடத்தையும் ஒலித்துச் சொல்லும் மினிட் ரிப்பீட்டர் வகையில் பேர்பெற்ற ஒன்றின் விலைக்கு ஊரில் வீடே வாங்கிவிடலாம். 2022 நவம்பரில் இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் வார்ட் நிறுவனம் மணியடிக்கும் சி1 பெல் காண்டோ கைக்கடிகாரத்தைச் சுமார் 3,000 பவுண்டுக்கு வெளியிட்டபோது சேகரிப்பாளர்கள் முண்டியடித்ததற்கு அதுவே காரணம். மறு ஆண்டே ஜெனீவாவின் கிராண்ட் பிரிக்ஸ் கடிகார விருதுகளில், ஒப்பீட்டளவில் விலை குறைந்த கடிகாரங்களுக்கான பெத்தித் எகுயி பரிசும் அதற்குக் கிடைத்தது.

விலை குறைந்ததற்குக் காரணம் மலிவான வேலைப்பாடு அல்ல, புத்திசாலித்தனம். அடியில் ஓடுவது செலிட்டா எஸ்டபிள்யூ200, எத்தனையோ கடிகாரங்களில் இருக்கும் சாதாரண ஆட்டோமேட்டிக் இயந்திரம் (கை அசைவில் தானே சாவி ஏறுவது). அதன்மேல்தான் மணியடிக்கும் அடுக்கு உட்கார்ந்திருக்கிறது. அதுவும் அந்நிறுவனம் முன்பே செய்திருந்த ஜம்பிங் அவர் அமைப்பிலிருந்து (முள்ளுக்குப் பதில் மணி எண்ணே தாவி மாறுவது) வளர்த்தெடுத்ததே. எண் சட்டென்று மாற ஒரு மணி நேரம் சேர்த்துவைத்த விசையை இங்கே ஒரு சுத்தியலைத் தூக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மணி முடிந்ததும் பிடி நழுவுகிறது, சுத்தியல் வளைந்த கம்பியில் விழுகிறது. இத்தனையும் டயலுக்கு மேலேயே, கண்ணெதிரே நடக்கிறது. ஐம்பத்தெட்டாவது நிமிடத்திலிருந்து வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஆனால் ஒன்று. மூன்று மணிக்கும் ஒரு தட்டுதான், பன்னிரண்டுக்கும் ஒரு தட்டுதான். வேண்டும்போது அழுத்திக் கேட்கவும் முடியாது. ரிப்பீட்டரை எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாந்துபோவார். எனக்கோ அந்த ஒற்றை ஒலியே போதும் என்று தோன்றுகிறது. அலாரம் மாதிரி அதட்டாமல், ஒரு மணி நேரம் போய்விட்டது என்று மட்டும் சொல்கிறது. கூட்டத்தில் வேண்டாமென்றால் நான்கு மணிப் பக்கமுள்ள பொத்தானை அழுத்தி நிறுத்திவிடலாம்.

பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் ஒலி கேட்காது. டைட்டானியம் கூடு ஒலியை நன்றாகக் கடத்தினாலும் கையில் கட்டியிருக்கும்போது தோல் கொஞ்சம் அமுக்கிவிடுகிறது. கழற்றி மரமேசைமேல் வைத்தால் அதே தட்டு அறை முழுக்கக் கேட்கும். 41 மில்லிமீட்டர் அகலம், 13 தடிமன் என்றாலும் டைட்டானியம் என்பதால் கையில் கனம் தெரிவதில்லை.

நேரம் காட்டும் முட்கள் மேல்பக்கச் சின்ன டயலில் இருக்கின்றன. மங்கிய வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கத்தான் வேண்டும். விநாடி முள் கிடையாது. அதனால் கடிகாரம் முந்துகிறதா பிந்துகிறதா என்பதை மணியை வைத்தே கண்டுகொள்ளப் பழகிவிட்டேன். சுத்தியல் விழும்போது போனில் நேரம் பார்ப்பேன், ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பேன். வித்தியாசம் தானே தெரிந்துவிடும். முழுக்கச் சாவி ஏறியிருந்தாலும் 38 மணி நேரம்தான் ஓடும். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் ஞாயிறு நின்றிருக்கும், அப்புறம் சாவி கொடுத்து நேரம் வைக்க வேண்டும். தண்ணீர்த் தாக்குப்பிடிப்பும் 30 மீட்டர் அளவே என்பதால் கைகழுவும்போது நனைந்தால் பரவாயில்லை, குளிக்கவோ நீந்தவோ கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வாங்க நினைப்பவர்கள் வீடியோவில் கேட்ட ஒலியை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மைக்கைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்திருப்பார்கள். வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு, சரியாக மணி முடியும் நேரம் பார்த்து, அவர் கையிலேயே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.