கிட்டாருக்கும் பாட்டுக்கும் ஒரே ஹெட்போன்: டிடி 770 புரோவுடன் சில வருடங்கள்

இரவில் கிட்டார் பயிற்சி, மற்ற நேரத்தில் பாட்டு. இரண்டுக்கும் ஒரே ஹெட்போன் போதுமா என்று கேட்டால், போதும் என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்குக் கம்பி இருக்க வேண்டும், காது முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும், பின்புறம் மூடியிருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 770 புரோ, 80 ஓம் மின்தடை உள்ள வகை. சென்னையில், பக்கத்து வீட்டின் சுவரும் எங்கள் சுவரும் ஒன்றாக இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், எலெக்ட்ரிக் கிட்டாரோடு சில வருடங்களாக இதைத்தான் அணிந்து வருகிறேன்.

முதலில் கம்பி. சாதாரண புளூடூத் ஹெட்போனில் ஒலி ஏறத்தாழ 150 முதல் 250 மில்லிசெகண்ட் தாமதமாகக் காதுக்கு வருகிறது. பாட்டு மட்டும் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. கிட்டார் வாசிப்பவருக்கு இதுவே எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், ஒரு தட்டை நான்காகப் பிரித்து வாசித்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் கிடைக்கும் நேரம் 125 மில்லிசெகண்ட். விரல் அடுத்த சுரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் முந்தைய சுரம் கேட்கும். இப்படிப் பயிற்சி செய்தால் தாளம் வளராது, குலையும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் ஆகிறது. கணினியும், கிட்டாரை அதோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வைத்து வாசிக்கும்போது வரும் 10 மில்லிசெகண்ட் தாமதம், கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். கை அதற்குப் பழகிவிடும். 200 மில்லிசெகண்ட் என்றால் ஆம்ப் கிட்டத்தட்ட 70 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

பாஸ் நிறுவனத்தின் வாஸா-ஏர் போன்ற கிட்டாருக்கென்றே செய்த வயர்லெஸ் ஹெட்போன்கள் இந்தக் கணக்கில் சேராது. அவை கிட்டார் ஒலிக்குப் புளூடூத்தைப் பயன்படுத்துவதில்லை. தாமதம் மிகக் குறைந்த தனி வயர்லெஸ் முறையை வைத்திருக்கின்றன. ஒரு விஷயத்தில் மட்டும் புளூடூத் கிட்டார் பயிற்சிக்கும் நன்றாகப் பொருந்துகிறது. நான் பயன்படுத்தும் ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ கிட்டாரிலேயே நேராகச் செருகும் சிறிய கருவி. ஹெட்போன் அதில் கம்பியால் இணைகிறது. கைபேசியிலிருந்து பின்னணி இசை மட்டும் புளூடூத்தில் வருகிறது. அந்த இசை கால் செகண்ட் தாமதமாக வந்தாலும் பாதகமில்லை. காதில் கேட்பதற்கு ஏற்பத்தான் நாம் வாசிக்கிறோம். நம் கிட்டார் ஒலி தாமதமாகாமல் வந்தால் போதும்.

ஹெட்போனில் கிட்டார் நன்றாக ஒலிப்பதற்குப் பெரும்பங்கு ஹெட்போனிடம் இல்லை. ஆம்ப்பில் இருக்கும் ஸ்பீக்கர் உயர்ந்த அதிர்வெண்களைப் பெரும்பாலும் தருவதே இல்லை. ராக் கிட்டாரில் புகழ்பெற்ற செலஸ்டியன் விண்டேஜ் 30 என்ற 12 அங்குல ஸ்பீக்கரின் எல்லை 70 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை என்று அதன் தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். கிட்டார் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போடும்போது அதற்கு மேலே உருவாகும் கரகரப்பை அந்த ஸ்பீக்கர் வெட்டி எறிந்துவிடுகிறது. ஹெட்போன் அப்படி எதையும் விலக்காது. 20,000 ஹெர்ட்ஸ் வரை வருவதையெல்லாம் காதில் கொட்டும். எனவே ஸ்பீக்கர் பெட்டியின் வேலையைச் செய்யும் கேப் சிமுலேஷன் உங்கள் கருவியில் இல்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஹெட்போனிலும் டிஸ்டார்ஷன் குளவிக்கூட்டம் போலத்தான் கேட்கும். ஹெட்போனை மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் தங்கள் பெடலிலோ செயலியிலோ கேப் சிமுலேஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். பலருக்கு அங்கேயே தீர்வு கிடைத்துவிடும்.

டிடி 770 புரோவின் குணம் எனக்குப் புரிந்ததும் இந்த இடத்தில்தான். இதன் பேஸ், அதாவது தாழ்ந்த அதிர்வெண் ஒலி, சற்றுத் தூக்கலானது; 8 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் பகுதியிலும் ஒரு மேடு இருக்கிறது. கேப் சிமுலேஷன் வழியாக வரும் கிட்டாரில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் மிச்சம் இல்லாததால், அந்த மேட்டுக்கு அங்கே வேலையே இல்லை. கிட்டார் உருண்டையாக, நிறைவாகக் கேட்கிறது. அதே ஹெட்போனில் பாட்டு கேட்கும்போது அந்த மேடு வெளியே வருகிறது. சிம்பல் பளிச்சென்று தெறிக்கிறது. பாடகர் உச்சரிக்கும் ‘ஸ’வும் ‘ச’வும் ஊசிமுனை போல ஏறுகின்றன. பத்து நிமிடம் கேட்டால் தெளிவாக இருப்பதாகத் தோன்றும். இரண்டு மணி நேரம் கேட்டால் காது களைத்துவிடும். கடையில் சற்று நேரம் போட்டுப் பார்ப்பவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

இதற்கு நான் வைத்திருக்கும் வைத்தியம், அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசர். கைபேசியில் 8 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் பகுதியை 4 அல்லது 5 டெசிபல் இறக்கி வைத்திருக்கிறேன். அதன் பிறகு இது பாட்டுக்கும் மனமார நம்பும் ஹெட்போனாகிவிட்டது. எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களை இதில் கேட்டுப் பாருங்கள். குரலுக்குக் கீழே தனி மெட்டு போல நடந்து செல்லும் பேஸ் கிட்டார், சின்ன ஸ்பீக்கர்களில் வெறும் முனகலாகப் போய்விடும். இங்கே ஒவ்வொரு சுரமாக எழுதி எடுக்க முடிகிறது. காதால் கேட்டுப் பாட்டை எடுத்து வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. மிருதங்கத்தின் இடந்தலையிலும் அதே கனம். வீணை, வயலின் போன்ற நடு அதிர்வெண் வாத்தியங்கள் மட்டும் சற்றுப் பின்னால் நிற்பதாக உணர்கிறேன். கர்நாடக இசையே பெரும்பாலும் கேட்பவர் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

தூக்கலான பேஸுக்கு இன்னொரு விளைவும் உண்டு. கிட்டாரின் தடித்த ஆறாவது தந்தியின் அடிப்படை அதிர்வெண் 82 ஹெர்ட்ஸ். அந்தப் பகுதியை இந்த ஹெட்போன் தாங்கிப் பிடிப்பதால், உள்ளங்கை ஓரத்தால் தந்தியை லேசாக அடக்கி, பாம் மியூட் செய்யும் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழுவது போல இருக்கும். வாசிக்க உற்சாகம்தான். ஆனால் ஹெட்போனில் செதுக்கிய டோனை, அதாவது கிட்டாரின் ஒலி அமைப்பை, அப்படியே பயிற்சி அறையின் ஆம்ப்புக்கோ மேடைக்கோ எடுத்துச் சென்றால் மெலிந்து கேட்கும். நான் இப்போது வீட்டுக்கு ஒரு டோன், வெளியே ஒரு டோன் என்று தனித்தனியாகச் சேமித்துக்கொள்கிறேன். வெளியே போகும் டோனில் மிட், அதாவது நடு அதிர்வெண், ஒரு படி கூடுதல்.

டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என்று கிடைக்கிறது. ஓம் கூடினால் தரம் கூடும் என்று நினைத்துப் பலர் 250-க்குப் போகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். கைபேசியில் செருகும் சிறிய யுஎஸ்பி-சி அடாப்டர் 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 80 ஓமில் 12.5 மில்லிவாட் கிடைக்கும். 250 ஓமில் 4 மில்லிவாட்தான். ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தரும் இந்த ஹெட்போனில் முதலாவது 107 டெசிபல் வரை போகும், இரண்டாவது 102 வரை. இரண்டும் போதும் போலத் தெரியலாம். ஆனால் எல்லாக் கருவியும் ஒரு வோல்ட் தருவதில்லை; மெதுவான ஒலியில் பதிவான பழைய இசைக்கும், கிட்டாரின் திடீர் அடிகளுக்கும் மேலே இடம் வேண்டும். கைபேசி, கிட்டார் கருவி, கணினி என்று மாறி மாறிச் செருகுபவருக்கு 80 ஓம்தான் சரி. 32 ஓம் கைபேசிக்கு எளிது. ஆனால் சில சிறிய ஆம்ப்களின் ஹெட்போன் துளையிலேயே மின்தடை அதிகமாக இருக்கும். அங்கே குறைந்த ஓம் ஹெட்போன்களின் ஒலி மாறக்கூடும். துளையின் மின்தடை ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் கவலையில்லை.

நம் ஊர்ப் புழுக்கத்தில் காதுமெத்தை என்ன துணி என்பது ஒலியைவிட முக்கியம். இதில் வருவது மென்மையான வெல்வெட் போன்ற துணி. செயற்கைத் தோல் மெத்தைகள் வியர்வையில் ஒட்டும். ஈரப்பதத்தில் நாளடைவில் உரியும். இந்தத் துணி ஏப்ரல், மே மாதங்களிலும் ஒரு மணி நேரப் பயிற்சியைத் தாங்கவைக்கிறது. கண்ணாடி போடும் எனக்கு அதன் காம்பு அழுத்துவதும் இல்லை. எந்த ஹெட்போனிலும் மெத்தை நாள்பட அமுங்கும். அமுங்கினால் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள இடைவெளி குறைந்து ஒலியே மாறும். இதற்கு மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறது, கையாலேயே மாற்றிவிடலாம். நீண்ட காலம் வைத்திருக்க நினைப்பவர்கள் எந்த மாடலானாலும் மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

கேபிள் 3 மீட்டர் நீளம், கழற்ற முடியாதது. ஆம்ப் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க இந்த நீளம் அருமை. பஸ்ஸில் பாட்டு கேட்க உதவாது; அதற்கு நான் இதை எடுத்துப் போவதே இல்லை. வெளியேயும் வேண்டும் என்பவர்களுக்கு ஆடியோ-டெக்னிகா ஏடிஹெச்-எம்50எக்ஸ் பொருத்தம்: 38 ஓம், மடக்கலாம், கழற்றக்கூடிய மூன்று கேபிள்கள் உடன் வருகின்றன. 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கும் சோனி எம்டிஆர்-7506-உம் மடங்கும், எடை குறைவு. பேஸ் டிடி 770-ஐவிட அடக்கமானது. சென்ஹைசர் ஹெச்டி 600-இன் நடு அதிர்வெண்கள் இவை மூன்றையும்விட அழகு. ஆனால் அது பின்புறம் திறந்த வகை. மின்விசிறியின் இரைச்சல் உள்ளே வரும், நம் கிட்டார் வெளியே போகும். 300 ஓம் என்பதால் நல்ல ஆம்ப்பும் தேவை. டிடி 770 வெளி ஒலியை 18 டெசிபல் அளவுக்குக் குறைப்பதாக அதன் விவரக்குறிப்பு சொல்கிறது. மின்விசிறி ஓடும் அறையில் மெதுவான ஒலியிலேயே வாசிக்க முடிவது அதனால்தான்.

ஒலி அளவைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபலில் வெறும் 4 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் பாதுகாப்பு வரம்பு. ஆம்ப்பில் வாசிக்கும்போது அண்டை வீட்டார் நம்மைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஹெட்போனில் யாரும் இல்லை. கரகரப்பில்லாத கிளீன் டோனிலிருந்து தனி வாசிப்புக்கான லீட் டோனுக்குத் தாவும்போது ஒலி சட்டென்று உயராதபடி எல்லா டோன்களையும் ஒரே அளவுக்குச் சரிசெய்து வையுங்கள். கேபிளைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் ஹெட்போன் காதில் இருக்கக் கூடாது.

இவ்வளவும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு. அக்கூஸ்டிக் மட்டும் வாசிப்பவருக்கு மூடிய ஹெட்போன் கிட்டாரின் சொந்த ஒலியையே அடைத்துவிடும். பின்னணி இசையோடு சேர்ந்து வாசிக்கத்தான் வேண்டும் என்றால், திறந்த வகை ஒன்றை வாங்குங்கள், அல்லது ஒரு காதை வெளியே விட்டு வாசியுங்கள். மைக் வைத்துப் பதிவு செய்யும்போது மட்டும், தாளம் காட்டும் மெட்ரோனோம் ஒலி மைக்கில் புகாமல் இருக்க மூடிய வகைதான் வேண்டும்.