வயதானவர்கள் வீட்டுக்குச் சோலார்: வாட்டர் ஹீட்டரா, பேனலா?

அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கும் வீடு. சோலார் வைக்கலாம் என்று முடிவானபோது இரண்டு வழிகள் இருந்தன: கண்ணாடிக் குழாய் வைத்த வாட்டர் ஹீட்டர், இல்லையென்றால் மின்சாரம் தரும் பேனலோடு, காற்றிலிருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஒரு ஹீட் பம்ப். நாங்கள் எடுத்தது இரண்டாவது.

செலவில் வாட்டர் ஹீட்டர்தான் சிக்கனம், அதில் பேச்சே இல்லை. பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். ஆனால் ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தருவதால் அந்தக் குறை பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது.

இளையவர்கள் வீடு என்றால் நானும் வாட்டர் ஹீட்டரோடு நிறுத்தியிருப்பேன். இங்கே கேள்வியே வேறு: பழுதானால் மேலே ஏறுவது யார்? உப்புத் தண்ணீர் என்றால் குழாய்க்குள் வெள்ளையாகப் படியும், கழற்றிக் கழுவ வேண்டும். ரப்பர் வளையம் இறுகிக் கசியும். கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே தண்ணீர் ஓடும் வகை ஹீட்டர் என்றால், ஒரு குழாய் உடைந்தாலே தொட்டி காலியாகிவிடும். ஆள் வரத் தாமதமானால் அப்பாவே ஏணியை எடுத்துவிடுவார், சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

பேனலில் அசையும் பாகமே இல்லை. எப்போதாவது தூசியைக் கழுவ ஆள் விட்டால் போதும். ஆண்டுக்கு அரை சதவீதம் போலத் திறன் குறையும். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரைப் பத்துப் பதினைந்து ஆண்டில் மாற்ற வேண்டும், அதுவும் கீழே சுவரில், கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. உற்பத்தி குறைந்தால் என் போனிலேயே தெரிந்துவிடும்.

சூடும் ஒரு விஷயம். நல்ல வெயிலில் சோலார் தொட்டி 70 டிகிரியைத் தாண்டும். 60 டிகிரித் தண்ணீரே சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், முதியவர்களுக்குத் தோலும் மெல்லியது. ஹீட் பம்பில் சூட்டை நாமே வைக்கலாம். அதற்காக ரொம்பவும் குறைக்கக் கூடாது, 20 முதல் 45 டிகிரிக்குள் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். தொட்டியில் 60 டிகிரி வைத்து, குளியலறைக்குப் போகும் வழியில் தண்ணீரைக் கலந்து இதமாக்கும் வால்வு போடுங்கள். எதை வாங்கினாலும் இது வேண்டும்.

அப்புறம், பேட்டரி இல்லாத பேனல் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். மின்கம்பியில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். வீட்டில் ஆக்சிஜன் கருவி இருந்தால் பேட்டரி கட்டாயம். லித்தியமாகவே பாருங்கள். பழைய லெட் ஆசிட் வகைக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஒருவர் குனிய வேண்டியிருக்கும்.

ஹீட் பம்ப் எங்களுக்கே புதிது. கம்ப்ரஸர் எத்தனை வருடம் உழைக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. குளிர் கூடினால் அதன் திறன் குறையும். சத்தமும் கொஞ்சம் உண்டு, படுக்கையறை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள்.