தாய்லாந்து முவாய் தாய் முகாம்கள்: பேட் பிடிப்பவர் யார் என்று பார்த்துச் சேருங்கள்

புக்கெட் தீவின் சலோங் பகுதியில் சோய் தா-இயட் என்றொரு தெரு இருக்கிறது. தாய்லாந்தின் சண்டைக்கலையான முவாய் தாயைக் கற்றுத்தரும் பல முகாம்கள் அங்கே, டைகர் முவாய் தாய் உட்பட. நடுநடுவே ஜூஸ் கடை, மசாஜ் கடை, வாடகை ஸ்கூட்டர். வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ பணம் கட்டினால் யாரும் சேரலாம். ரிங், குத்துப் பை, கயிறு எல்லாம் எங்கு போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு முகாமை இன்னொன்றிலிருந்து பிரிப்பது, உங்கள் குத்தையும் கிக்கையும் வாங்க இரு கையிலும் பேட் என்ற தடித்த மெத்தையைப் பிடித்து எதிரே நிற்கிற ஆள்.

அவரை ‘க்ரூ’ என்பார்கள், நம் ‘குரு’தான். அவரிலும் மூத்தவர் ‘அஜார்ன்’, அதாவது ஆச்சாரியர். நல்ல முகாமில் க்ரூவாக இருப்பவர் பெரும்பாலும் முன்னாள் ஸ்டேடியம் வீரர். எட்டு, பத்து வயதில் ஊர்த் திருவிழா மேடையில் ஏறி, பிறகு பாங்காக் வந்து, 1945இல் திறந்த ராஜதம்னெர்னிலோ 1956இல் திறந்த லும்பினி ஸ்டேடியத்திலோ மோதியவர். இருபதுகளின் பின்பாதியில் ஓயும்போது நூறு சண்டைக்கு மேல் பார்த்திருப்பார்.

அந்த அனுபவம் முதல் ரவுண்டிலேயே பேடில் தெரிந்துவிடும். விலாவுக்குக் கிக் வரும்போது கைதேர்ந்த க்ரூ இரண்டு பேடையும் ஒட்டிச் சேர்த்து, முழங்கையை உடம்போடு இறுக்கி, தன் எடையைக் கிக்கின் பக்கம் சாய்த்து வாங்குவார். மெய்யான ஓர் உடம்பில் அடித்த எதிர்ப்பு உங்கள் கணைக்காலுக்குக் கிடைக்கும். அடித்த கால் தரைக்கு வருவதற்குள் அவருடைய ‘தீப்’, அதாவது பாதத்தால் தள்ளும் உதை, உங்கள் வயிற்றில் இருக்கும். நிலை தவறினீர்களா இல்லையா என்பதை அந்த ஒரு தள்ளல் சொல்லிவிடும். முகத்தைக் காக்கும் கை இறங்கினால் பேட் கன்னத்தில் தட்டும். அவர் திட்டமாட்டார், விளக்கமாட்டார். கை தானாக மேலே போகும்வரை தட்டுவார், அவ்வளவுதான்.

சண்டை போட்டுப் பழகாதவர் பேடை உடம்பிலிருந்து விலக்கி, வருகிற காலை நோக்கி வீசி, ‘படார்’ என்று சத்தம் வரவைப்பார். அடிப்பவருக்கு உற்சாகமாக இருக்கும். ஆனால் தூரக் கணக்கு கெட்டுப்போகும். பேட்தான் உங்களிடம் வருகிறது என்பதால், எதிராளி எட்டாத இடத்திலிருந்தே அடிக்கக் கால் பழகிவிடும். பிறகு ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், கிக் எல்லாம் காற்றில்தான் போகும். இந்த ஒன்றைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும்.

கட்டிய பணத்துக்கு முழு மதிப்பு கிளின்ச்சில்தான். இருபது நிமிடம், அரை மணி நேரம் விடாமல் கழுத்தைப் பிடித்து மல்லாடுவது. எதிராளியின் பின்மண்டையில் ஒரு உள்ளங்கை, அதன்மேல் இன்னொன்று. விரல்களைக் கோத்துப் பூட்டக் கூடாது, அவசரத்துக்குப் பிரியாது, விரலும் முறியலாம். முன்கைகள் அவர் காறை எலும்பில் அழுந்த வேண்டும், இடுப்பு ஒட்டி இருக்க வேண்டும், தலை நிமிர்ந்திருக்க வேண்டும். புதிதாக வருபவர் செய்யும் தவறு ஒன்றே: இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து தரையைப் பார்ப்பது. முழங்கால் வருவதற்கு வாசல் திறந்து வைத்தது மாதிரி. அறுபது கிலோ க்ரூ எண்பத்தைந்து கிலோ ஆளைச் சுழற்றிப் போடுவது பலத்தால் நடப்பதில்லை. உங்கள் எடை முழுக்க ஒரே காலில் நிற்கிற நொடியை அவர் கழுத்திலேயே உணர்கிறார். இதை வீடியோ பார்த்துக் கற்க முடியாது.

ஸ்டேடியம் பாணிக்கு ஒரு கணக்கு உண்டு. மூன்று நிமிடம் வீதம் ஐந்து ரவுண்ட். வழக்கமாக முதல் இரண்டும் மெதுவாகப் போகும், மூன்றும் நான்கும்தான் முடிவு செய்யும். குத்தைவிட உடம்பில் விழும் கிக்கும் முழங்காலும் எடை பெறும்; தடுமாறினால் மதிப்பு போகும். அதனால் இந்த க்ரூக்கள் நிமிர்ந்த நிலையையும் கிக்கையும் ஊட்டுவார்கள், கைவரிசையில் குறை வைப்பார்கள். பாக்ஸிங் வேண்டுமென்றால் அதற்கென்று இருக்கும் கோச்சைக் கேளுங்கள். சமார்ட் பயாக்கரூன் மாதிரி லும்பினியில் நான்கு எடைப் பிரிவில் பட்டம் வென்று, 1986இல் டபிள்யூபிசி (உலக பாக்ஸிங் கவுன்சில்) பட்டத்தையும் பிடித்தவர்கள் அபூர்வம்.

க்ரூவின் பாணியையும் கேட்டுக்கொள்ளுங்கள். நுட்பக்காரர் ‘ஃபெமூ’, முழங்கால்காரர் ‘காவ்’, குத்துக்காரர் ‘மாட்’. நெட்டையானவருக்குக் காவ் க்ரூ அமைந்தால் யோகம். அந்த வகையின் உச்சம் 1980களில் ஆடிய டீசல்நோய் என்ற வீரர். இடதுகைக்காரர்கள் இடதுகை க்ரூவையே தேடுங்கள்.

‘முன்னாள் சாம்பியன்’ என்ற சுவரொட்டியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எந்த ஸ்டேடியம், எத்தனை பவுண்டு எடைப் பிரிவு, எந்த வருடம் என்று மூன்றையும் கேளுங்கள். மெய்யான ஆள் உடனே சொல்வார். மேடைப் பெயரையும் கேளுங்கள். தாய்லாந்தில் வீரரின் பின்பெயராகப் பெரும்பாலும் முகாமின் பெயரே வரும்: பட்டாயாவில் முகாம் வைத்திருக்கும் ஃபேர்டெக்ஸின் பெயரைச் சுமந்தவர் யோட்சன்க்லாய் ஃபேர்டெக்ஸ். முகாம் மாறினால் பெயரும் மாறும். புவக்காவ் போர் பிரமுக் பிறகு புவக்காவ் பஞ்சமேக் ஆனார். அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டால் பழைய சண்டைகளைத் தேடிப் பார்த்துவிடலாம்.

குறைகளும் உண்டு. பெரிய முகாம்களில் ஒரு க்ரூவுக்கு ஐந்தாறு பேர் வரிசையில் நிற்பார்கள், உங்களுக்கு மூன்று ரவுண்ட் கிடைத்தால் பெரிது. வாசலில் படம் மாட்டியிருக்கும் சாம்பியன் பேட் பிடிக்கவே வரமாட்டார். இங்கிலீஷ் பத்து வார்த்தைதான். ‘சா-சா’ என்றால் மெதுவாக, அதைக் கற்றுக்கொண்டு போனால் ஒவ்வொரு அசைவையும் நிதானமாகக் காட்டுவார். இரண்டு மூன்று வாரத்திலேயே சண்டைக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிற இடமும் உண்டு. ஸ்பாரிங்கில் நிதானம் வராமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெண்கள், கிளின்ச்சுக்குத் தங்கள் எடைக்கு ஜோடி இருக்கிறதா என்று முன்னமே விசாரிப்பது நல்லது. லும்பினி ரிங்கே பெண்களின் சண்டைக்கு 2021இல்தான் திறந்தது. பழைய மனநிலை சில இடங்களில் மிச்சமிருக்கிறது.

முதல் வாரம் காலை, மாலை என்று இரண்டு வேளையும் போகாதீர்கள். கணைக்கால் வீங்கும், பாதத்தோல் உரியும், மூன்றாம் நாள் படுத்துவிடுவீர்கள். மாலை வகுப்பு மட்டும் போதும். நாலரை மீட்டர் கைக்கட்டு இரண்டு ஜோடி, ஸ்பாரிங்குக்குச் சொந்தமாக 16 அவுன்ஸ் கிளவுஸ், ஷின் கார்ட் (கணைக்கால் காப்பு) கொண்டுபோங்கள். முகாமின் பொது கிளவுஸ் காயவே காயாது; தோலில் சின்னக் கீறல் இருந்தாலும் சீழ் வைத்துவிடும். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போக வேண்டும்.

பணத்தை முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் கட்டுங்கள். அந்த வாரத்தில் இரண்டு மூன்று பேரிடம் பேட் அடித்துப் பார்த்து, கன்னத்தில் தட்டுகிற க்ரூ யாரோ அவரிடம் தனி வகுப்பு கேளுங்கள்.