கெமாட்ரியாவா, கடபயாதியா?

எழுத்துக்கு எண் கொடுக்கும் முறைகளில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று எபிரேயர்களின் கெமாட்ரியா, இன்னொன்று நம் கர்நாடக சங்கீதத்தில் புழங்கும் கடபயாதி.

கெமாட்ரியா கூட்டல் கணக்கு. அலெஃப் 1, யோத் 10, கோஃப் 100, கடைசி எழுத்தான தாவ் 400. 'யாயின்' (திராட்சை மது) என்ற சொல்லைக் கூட்டினால் 10+10+50, அதாவது 70. 'சோத்' (ரகசியம்) 60+6+4, அதுவும் 70. மது உள்ளே போனால் ரகசியம் வெளியே வரும் என்று யூதர்களின் மறைநூலான தால்முத் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் எழுத்துகளை எப்படிக் குலுக்கினாலும் அதே விடைதான், அதனால் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும்.

கடபயாதியில் இடம் முக்கியம். ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கும் ஆளுக்கொரு இலக்கம், அதைத் திருப்பிப் போட்டால் ராகத்தின் எண். மேசகல்யாணியில் மே 5, ச 6. திருப்பிப் படித்தால் 65. கல்யாணி 65ஆவது மேளகர்த்தா, அதாவது தாய் ராகம். தீரசங்கராபரணத்தில் தீ 9, ர 2, திருப்பினால் 29. சரி, இதில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. கனகாங்கி 1ஆவது மேளம், கானமூர்த்தி 3ஆவது. தமிழில் எழுதினால் இரண்டிலும் 'க', 'ன' தான் (ன-வுக்கு 0). வடமொழி உச்சரிப்பில் முன்னது க (ka), அதற்கு 1; பின்னது மூன்றாம் ககரம் (ga), அதற்கு 3. அது தெரியாமல் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் 1தான் வரும்!

சொல்லுக்குள் பொருள் தேடுகிறவருக்குக் கெமாட்ரியா. எண்ணை மனதில் வைக்க வேண்டுமென்றால் என் ஓட்டு கடபயாதிக்கு. 72 மேளத்தையும் பெயரை வைத்தே எண் சொல்லிவிடலாம்.